எட்டு கவுண்டிக்கு ஒரே அலுவலகம்: இந்த ஏ.டி.டி. என்னதான் செய்கிறது?

#1 மலையோரம்

வணக்கம். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், ஹசார்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிறோம். கணவர் டாக்டர். டாக்டர் குறைவான ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் நாடு திரும்ப வேண்டாம் என்கிற ஜே-1 விசா விலக்குக்காக, அந்த மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், ஆறு வருடமாகியும் கிளம்பவில்லை. (நிலக்கரி மலைக்குள் நம் ஊர் டாக்டர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த விசாதான் பதில்.)

கேள்வி இதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் மையத்திலிருந்து மதியச் சாப்பாடு வருகிறது. யார் பணம் என்று கேட்டால், கொண்டுவருபவர் "ஏ.டி.டி." என்கிறார். தோழி வீட்டுப் பக்கம் புதிதாகக் குடிநீர்க் குழாய் போட்டார்கள், அந்த மனுவை எழுதியதும் ஏ.டி.டி.தானாம். போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் பேரிடர்த் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது, அதன் கீழேயும் அதே பெயர்.

இது அரசு அலுவலகமா, என்ஜிஓவா? "நம்ம கலெக்டர் ஆபீஸ் மாதிரிதான்" என்கிறார் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 வரைபடக்காரன்

உங்கள் சந்தேகம்தான் சரி அக்கா. கலெக்டரிடம் அதிகாரம் உண்டு, இவர்களிடம் கிடையாது. வரி போட முடியாது, கவுண்டியை (மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிப் பகுதி) பார்த்து "இதைச் செய்" என்று உத்தரவிடவும் முடியாது. பக்கத்து மாநிலத்தில் இதே மாதிரி ஒரு அலுவலகத்தில் ஒன்பது வருடம் வரைபடம் போட்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏ.டி.டி. என்பதை "பகுதி வளர்ச்சி மாவட்டம்" என்று சொல்லலாம். கென்டக்கியின் 120 கவுண்டிகளையும் 15 கூறாகப் பிரித்து, கூறுக்கு ஒன்று. 1972-இல் மாநிலச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். உங்களுடையது கென்டக்கி ரிவர் ஏ.டி.டி.; அலுவலகம் உங்கள் ஹசார்டில்தான் இருக்கிறது. பெரி, நாட், லெட்சர், லெஸ்லி, பிரெத்திட், லீ, உல்ஃப், ஔஸ்லி என்று எட்டு கவுண்டிகள்.

இதில் ஔஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் 4,051 பேர். நம் பக்கம் ஒரு ஊராட்சி அளவு. ஆனால் அதுவும் ஒரு முழுக் கவுண்டிதான். சாலை, குப்பை, ஆம்புலன்ஸ், அவசர அழைப்பு எல்லாவற்றுக்கும் அந்த நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். நிலக்கரி வரியில் வந்துகொண்டிருந்த பங்கும் சுருங்கிவிட்டது. திட்டமிடுபவர் ஒருவர், மானிய மனு எழுத ஒருவர், வரைபடத்துக்கு ஒருவர் என்று வேலைக்கு வைக்க அங்கே யாரிடம் காசு இருக்கிறது? அதனால் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்ட மாதிரி.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவுண்டி ஜட்ஜுகளும் மேயர்களும். பெயர்தான் ஜட்ஜ், தீர்ப்பு சொல்லும் வேலை இல்லை. கவுண்டியின் நிர்வாகத் தலைவரை அங்கே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவருடைய மன்றத்துக்குப் பெயர் "ஃபிஸ்கல் கோர்ட்", அதுவும் நீதிமன்றம் இல்லை. முதல் தடவை கேட்டபோது நானும் யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

#3 பொட்டல்காடு

அதிகாரம் இல்லை, சொந்த வருமானம் இல்லை, ஆனால் அலுவலகம் இருக்கிறது. நல்ல வேலைதான். திட்டம் போடுவார்கள், அதை அலமாரியில் வைப்பார்கள், ஐந்து வருடம் கழித்து மேலட்டையை மாற்றிப் புதிய திட்டம் என்பார்கள். நானும் அமெரிக்காவில் பல கூட்டம் பார்த்தவன் சார். காபியும் டோனட்டும்தான் மிச்சம்.

#4 வரைபடக்காரன்

டோனட் உண்மை. மற்றதுக்கு ஒரு குடிநீர்க் குழாயின் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில் ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒற்றைப் பாதை, பாதையோரம் நாற்பது வீடு. இப்படிப்பட்ட பள்ளத்தை அங்கே "ஹாலர்" என்பார்கள். எல்லோருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். திறந்தால் அழுகிய முட்டை வாசனை; வெள்ளைத் துணியைத் துவைத்தால் துருப்பிடித்த நிறத்தில் வெளியே வரும். குழாய் வேண்டும் என்று குடிநீர் வாரியத்துக்குச் சொல்கிறார்கள். வாரியத்தில் மொத்தமே விரல்விட்டு எண்ணும் ஆட்கள், பகலெல்லாம் உடைந்த குழாயை ஒட்டுவதற்கே நேரம் போதாது.

இங்கேதான் ஏ.டி.டி.யின் தண்ணீர்ப் பிரிவு ஆள் வருகிறார். இருக்கும் குழாய் எங்கே முடிகிறது, எத்தனை வீடு, எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் ஏற்றி, மாநிலத் தரவுத்தளத்தில் ஒரு திட்டக் குறிப்பை உண்டாக்குவார். அதற்கு ஒரு எண் விழும். குடிநீர் என்றால் டபிள்யூ.எக்ஸ்., சாக்கடை என்றால் எஸ்.எக்ஸ். என்று தொடங்கும். அந்த எண் இல்லாவிட்டால் மாநிலத்தின் உள்கட்டமைப்பு ஆணையத்தில் உங்கள் ஹாலர் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு ஏ.டி.டி.யிலும் ஒரு தண்ணீர் மேலாண்மைக் குழு உண்டு. எந்தத் திட்டம் முன்னால், எது பின்னால் என்று அங்கே உட்கார்ந்து வரிசைப்படுத்துவார்கள். சத்தம் வருவதும் அந்தக் கூட்டத்தில்தான்.

அப்புறம் பணம். ஒரே இடத்திலிருந்து முழுத்தொகை கிடைப்பது அபூர்வம். கொஞ்சம் ஏ.ஆர்.சி. எனப்படும் அப்பலாச்சிய வட்டார ஆணையத்திடம், கொஞ்சம் கூட்டாட்சி அரசின் சமூக வளர்ச்சி மானியத்திடம், மீதி கடன். சமூக வளர்ச்சி மானியம் வேண்டுமென்றால், பயன்பெறுபவர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்கள் என்று காட்ட வேண்டும். கணக்கெடுப்புப் புள்ளிவிவரம் ஒரு ஹாலர் அளவுக்கு இறங்கி வராது. அதனால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி "உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். மலைக்காரர்களிடம், முன்பின் தெரியாத ஆள், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு. நாய் குரைக்கும். நான் போயிருக்கிறேன்.

மானியம் கிடைத்தாலும் வேலை தீராது. சுற்றுச்சூழல் ஆய்வு, தொல்லியல் பாதுகாப்பு அலுவலகத்தின் கடிதம். மரம் வெட்ட வேண்டியிருந்தால் இண்டியானா வௌவால் பார்க்க வேண்டும். அழியும் நிலையில் உள்ள இனம் அது. கோடையில் மரப்பட்டைக்கு அடியில் குட்டி வளர்க்கும், அந்த மாதங்களில் வெட்டக் கூடாது. ஒரு வௌவாலுக்காக ஒப்பந்தக்காரர் நான்கைந்து மாதம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு டெண்டர், தொழிலாளர் சம்பளப் பட்டியல் சரிபார்ப்பு, தவணை தவணையாகப் பணம் கேட்டு விண்ணப்பம். ஒரு தாள் தவறினாலும் தணிக்கையில் பணத்தைத் திருப்பிக் கொடு என்பார்கள்.

குழாய் போடுவது ஒப்பந்தக்காரர். ரிப்பன் வெட்டுவது ஜட்ஜ். நடுவில் மூன்று, நான்கு வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் ஏ.டி.டி. ஊழியர். புகைப்படத்தில் அவர் ஓரத்தில் நிற்பார், பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கும்.

#5 மலையோரம்

வௌவால் விஷயம் எதிர்பார்க்கவில்லை! இன்னொரு சந்தேகம். "டிஸ்ட்ரெஸ்ட்" கவுண்டி என்று இங்கே அடிக்கடி சொல்கிறார்கள். அது வெறும் பேச்சா, இல்லை ஏதாவது அளவு உண்டா?

#6 லெட்டர்பேட்

அளவு உண்டு மேடம். மூன்று வருடச் சராசரி வேலையின்மை, தலைக்குச் சந்தை வருமானம், வறுமை விகிதம் மூன்றையும் சேர்த்து ஏ.ஆர்.சி. ஆண்டுதோறும் ஒரு குறியீடு போடும். நாட்டின் எல்லாக் கவுண்டிகளிலும் கடைசிப் பத்து விழுக்காட்டில் விழுந்தால் "டிஸ்ட்ரெஸ்ட்", நெருக்கடிக் கவுண்டி. அதற்கு ஏ.ஆர்.சி. 80 விழுக்காடு வரை தரலாம். அதற்கு மேல்படி என்றால் 70, அப்புறம் 50, அப்புறம் 30. நன்றாக முன்னேறிவிட்டால் பொதுவாக ஒன்றும் இல்லை.

மீதி 20-ஐ உள்ளூர்தான் காட்ட வேண்டும். அந்த 20 இல்லாமல் 80-ஐ விட்ட கவுண்டிகள் உண்டு. சமூக வளர்ச்சி மானியத்தை அந்த உள்ளூர்ப் பங்காகக் காட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூட்டாட்சிப் பணத்துக்குக் கூட்டாட்சிப் பணமே ஜாமீன்! இந்தச் சந்துபொந்தைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதற்குத்தான் ஏ.டி.டி. என்று நான் சொல்வேன். நான் தொழிலில் கணக்குத் தணிக்கை, அதனால் இது மட்டும்தான் கண்ணில் படுகிறது போல.

#7 ஒஹையோ சித்தன்

பழைய கதையையும் சேர்த்துக்கொள்வோம், ஏனென்றால் இதெல்லாம் வாஷிங்டனில் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். 1957-இல் கிழக்குக் கென்டக்கியில் பெரிய வெள்ளம். ஹசார்ட், வைட்ஸ்பர்க் எல்லாம் மூழ்கின. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் கிழக்குக் கென்டக்கி வட்டாரத் திட்டக் குழு என்று ஒன்று அமைந்தது. ஜான் விஸ்மன் என்பவர் அதை நடத்தினார். 1960-இல் "புரோகிராம் 60" என்று ஒரு திட்டம் வெளியிட்டார்கள். சாலை, வெள்ளத் தடுப்பு, தண்ணீர் எதையும் ஒரு கவுண்டி தனியாகச் செய்ய முடியாது, பல மாநில மலைப்பகுதிகள் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

அது மேலே போனது. கென்னடி 1963-இல் ஒரு குழு போட்டார். ஜான்சன் 1964 ஏப்ரலில் மார்ட்டின் கவுண்டியின் ஐனெஸ் ஊருக்கு வந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1965 மார்ச்சில் அப்பலாச்சிய வட்டார வளர்ச்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்றைக்கு 13 மாநிலங்களில் 423 கவுண்டிகள் அதன் கீழ் வருகின்றன. கீழ்மட்டத்தில் வேலை பார்ப்பவை உங்கள் ஏ.டி.டி. மாதிரியான உள்ளூர் வளர்ச்சி மாவட்டங்கள். ஆரம்பத்தில் பணத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலைக்குத்தான் போனது. மலையைப் பிளந்து சாலை போட்டால் தொழில் வரும் என்ற நம்பிக்கை.

இடையில் இவர்களுக்குக் கொஞ்சம் பல்லும் இருந்தது. 1969 முதல் ஏ-95 என்ற சுற்றறிக்கைப்படி, பல கூட்டாட்சி மானியங்களுக்கான மனுக்கள் வட்டார அமைப்பின் பார்வைக்குப் போய்த்தான் மேலே ஏறும். தடுக்க முடியாது, ஆனால் "இது பக்கத்துக் கவுண்டித் திட்டத்தோடு முட்டுகிறது" என்று எழுதிவைக்க முடியும். 1982-இல் ரீகன் அதை எடுத்துவிட்டு, விருப்பப்பட்ட மாநிலம் தானே ஒரு முறையை வைத்துக்கொள்ளட்டும் என்றார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் திட்டமிடலுக்கென்றே வந்துகொண்டிருந்த கூட்டாட்சி நிதியும் நின்றது. அதற்கப்புறம்தான் இவர்கள் திட்டமிடுபவர்கள் என்பதைவிட மனு எழுதுபவர்கள் ஆனார்கள் என்பது என் எண்ணம்.

#8 பொட்டல்காடு

சரி, வாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுபது வருடம் ஆயிற்றே? 1965-இல் ஏழை, இன்றைக்கும் அதே பட்டியலில் அதே கவுண்டிகள். வைத்தியர் மாறாமல் நோயும் மாறாமல் இருந்தால் வைத்தியரைத்தானே கேட்க வேண்டும்?

இன்னொன்று. 2014-இல் அந்த மாநிலத்தின் தணிக்கையாளர் ஆடம் எடலன், லெக்சிங்டன் பக்கத்து புளூகிராஸ் ஏ.டி.டி.யைப் பற்றிச் சிறப்பு ஆய்வு அறிக்கை வெளியிட்டாரே, படித்தீர்களா? செலவையும் கிழித்தார், நிர்வாகக் குழு கண்காணிக்கவில்லை என்றும் சொன்னார். குழுவில் யார் இருக்கிறார்கள்? ஜட்ஜும் மேயரும். அவர்கள் ஊருக்கு மானியம் வாங்கித் தருவது யார்? அதே அலுவலகம். எவன் எவனைக் கேள்வி கேட்பான்?

#9 லெட்டர்பேட்

பொட்டல்காடு சொன்ன இரண்டாவது பாயிண்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மாதம் ஒருமுறை கூடும் குழு, கையில் தடிமனான கட்டு, உறுப்பினர் எல்லோருக்கும் ஊரில் வேறு தலைவலி. கை தூக்கிவிட்டுப் போவார்கள். பல அரசுத் துறைகளின் பணம் ஒரே அலுவலகத்தின் வழியாகப் பாயும் இடத்தில் இது ஆபத்து. முதியோர் உணவு ஒரு தலைப்பு, வேலைப் பயிற்சி இன்னொன்று, சாலை ஆய்வு வேறொன்று. ஒன்றின் பணம் இன்னொன்றில் கலக்கக் கூடாது. கலந்ததா என்று பார்க்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. இவர்களுக்குப் பொதுவான பணம் மிகக் குறைவு. சம்பளமே திட்டத்துக்குத் திட்டம்தான் வருகிறது. பிராட்பேண்டுக்குப் பணம் வந்தால் எல்லோரும் பிராட்பேண்டு பேசுவார்கள், அடுத்த வருடம் போதை மீட்புக்கு வந்தால் அது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் விதைப்பதும் காற்றைப் பார்த்தே என்றால் எப்படி?

#10 தாமிரபரணி77

குறுக்கே வருகிறேன். நம் அரசியல் சட்டத்தில் 243 இசட்.டி. பிரிவில் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறதே, இது அதுதானா? அதிலும் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

#11 வரைபடக்காரன்

உட்காரும் ஆட்களைப் பார்த்தால் ஒரே ஜாடை. ஆனால் அது கீழிருந்து வரும் திட்டங்களைத் தொகுத்து அரசுக்கு அனுப்பும் குழு. இது ஆள் அம்போடு தினம் திறந்திருக்கும் அலுவலகம். ஜட்ஜ் போன் செய்து "வெள்ளிக்குள் இந்தப் படிவம் போக வேண்டும்" என்றால் எடுக்க ஒருவர் இருப்பார். இழை திசைமாறிவிடும், அதற்குத் தனியாக ஒன்று தொடங்குங்கள், வருகிறேன்.

பொட்டல்காடு சார், வைத்தியர் கேள்விக்கு வருகிறேன். நிலக்கரி விழுந்ததற்கு இந்த அலுவலகம் காரணம் இல்லை, தூக்கி நிறுத்தவும் அதனால் ஆகாது. அதே கவுண்டிகளில் இன்று குழாய்த் தண்ணீர் உள்ள வீடுகளை 1965-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இடம் மாறவில்லை என்பது உண்மை, வீட்டுக்குள் நிலைமை மாறவில்லை என்பது உண்மை இல்லை. 2017-இல் ட்ரம்ப் அரசின் பட்ஜெட் யோசனையில் ஏ.ஆர்.சி.யையே மூடச் சொன்னார்கள். நாடாளுமன்றம் மூடவில்லை. அந்த மலைக்கு அவர் கட்சிதான் வாக்களிக்கிறது, அந்தத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹால் ராஜர்ஸே ஏ.ஆர்.சி.க்காகப் பேசினார்.

ஆனால் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. பேரிடர்த் தணிப்புத் திட்டம் என்று ஒன்று எழுதுவோம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் ஃபீமாவின் (கூட்டாட்சிப் பேரிடர் நிறுவனம்) தணிப்பு மானியம் கவுண்டிக்குக் கிடையாது. சின்னக் கவுண்டிகளுக்கு அதை எழுதுவது இந்த மாதிரி அலுவலகங்கள்தான். (ஹசார்ட் ஊரில் உட்கார்ந்து "ஹசார்ட் பிளான்" எழுதும்போது அவர்களுக்கே சிரிப்பு வரும். ஆலிவர் ஹசார்ட் பெரி என்ற கடற்படைத் தளபதியின் பெயர் அது. கவுண்டிக்குப் பெரி, ஊருக்கு ஹசார்ட் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள்.) நான் எழுதிய ஒரு திட்டத்தில், ஓடையை ஒட்டி வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது அதே வரியை அப்படியே ஒட்டினேன். அதற்கு மேல் என்ன செய்ய? கிராமப்புறக் கவுண்டிகள் பலவற்றில் நில வகைப்பாட்டுச் சட்டமே கிடையாது. கொண்டுவர முயன்றால் அடுத்த தேர்தலில் ஜட்ஜ் வீட்டுக்குப் போவார். மலைச்சரிவு செங்குத்து, மேட்டு நிலம் பெரும்பாலும் பழைய கம்பெனிகள் கையில், சமதளம் என்று இருப்பதெல்லாம் ஓடைக்கரை மட்டும். எங்கேதான் கட்டுவார்கள் பாவம்?

2022 ஜூலை வெள்ளத்தில் உங்கள் ஏ.டி.டி.யின் கவுண்டிகள்தான் மோசமாக அடிபட்டன. மாநிலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். எந்த ஓடை என்பது வரைபடத்தில் முன்னாலேயே நீல நிறத்தில் இருந்திருக்கும், அதுதான் தூங்கவிடாத விஷயம். அப்புறம் வெள்ளம் வரும் வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கும் திட்டத்துக்கும் மனு எழுத வேண்டும். வழக்கமாக 75 விழுக்காடு கூட்டாட்சிப் பணம். வீட்டுக்கு வீடு பட்டா, மதிப்பீடு, வாரிசு கையெழுத்து. தாத்தா பெயரிலேயே இருக்கும் நிலத்துக்குப் பதினொரு வாரிசு என்றால் ஒருவர் டெட்ராய்ட்டில் இருப்பார், ஒருவர் போனே எடுக்க மாட்டார்.

#12 பொட்டல்காடு

வாரிசு விஷயம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதைக் கேட்டதும் கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது. தணிக்கை விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.

#13 மலையோரம்

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

2022 வெள்ளத்தின்போது இங்கேதான் இருந்தோம். எங்கள் வீடு மேட்டில், கரன்ட் போனதோடு சரி. கணவர் இரண்டு நாள் மருத்துவமனையிலேயே இருந்தார். டிரபிள்சம் கிரீக் என்ற ஓடைப் பக்கத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி அவர் இன்னமும் முழுதாகப் பேசியதில்லை. பழைய சுரங்க மேட்டில் இப்போது புதுக் குடியிருப்புகள் கட்டுகிறார்கள். ஹசார்ட் அருகே ஸ்கைவியூ, நாட் கவுண்டியில் ஆலிவ் பிராஞ்ச், செஸ்ட்நட் ரிட்ஜ். நிலக்கரிக்காக மொட்டையடித்த மலையுச்சிதான் இப்போது வெள்ளம் ஏறாத இடம்.

பாட்டியிடமும் கேட்டேன். 60 வயதாகியிருக்க வேண்டுமாம், கட்டணம் என்று எதுவும் கேட்கக் கூடாதாம், விருப்பப்பட்டால் நன்கொடை போடலாம். அவர் வாரம் இரண்டு டாலர் உறையில் போட்டுக் கொடுக்கிறார். "சும்மா வாங்கித் தின்ன மாட்டேன்" என்கிறார். சாப்பாடு கொண்டுவருபவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதுதான் அவருக்கு முக்கியமாம்.

நேற்று அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். ஏழு பேர். அதில் நான்கு பேர் அலுவலக ஆட்கள், ஒருவர் பத்திரிகைக்காரர், ஒரு முதியவர், நான். டோனட் இருந்தது, பொட்டல்காடு சாருக்காகக் குறித்துக்கொண்டேன். மேசை முழுக்கப் பெரி கவுண்டி வரைபடத்தை விரித்துவைத்து, தண்ணீர் ஏறும் இடங்களில் சிவப்புப் புள்ளி ஒட்டச் சொன்னார்கள். முதியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, ஒவ்வொரு ஓடையாகப் பெயர் சொல்லி, 1957-இல் எதுவரை வந்தது, 2022-இல் எதுவரை வந்தது என்று ஒட்டிக்கொண்டே போனார். கொடுத்த தாளில் புள்ளி தீர்ந்து, இன்னொரு தாள் வாங்கினார்.

அலுவலகப் பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பி, "உங்கள் வீடு எந்த ஓடை மேல்?" என்று கேட்டாள். ஆறு வருடம் இருந்திருக்கிறேன், பெயர் தெரியவில்லை. தெருப் பெயரைச் சொன்னேன். முதியவர்தான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.